கொடுவரி: புலியின் வரியும் பிள்ளையார்பாளையத்துப் பாவும்

தமிழில் புலிக்கு வழங்கும் பெயர்கள் பல. வயமா என்பது அதன் வலிமை பற்றியும், பாய்மா என்பது அதன் செயல் பற்றியும் எழுந்தவை. உழுவை, வல்லியம் போல்வன காரணம் எளிதிற் புலப்படாத தொல்பெயர்கள். இவற்றினிடையே கொடுவரி, குயவரி என்னும் இரண்டும் தனித்து நிற்கின்றன. அவை விலங்கின் வலிமையையோ கொடுமையையோ கூறாமல், அதன் உடம்பிற் கிடக்கும் கோட்டையே பெயராகக் கொண்டவை. கொடுவரியில் கொடு என்பது வளைவு. ஆகவே அது வளைந்த வரியினையுடையது எனப் பொருள்பட்டுப் பண்புத்தொகைப் புறத்துப் பிறந்த அன்மொழித்தொகை ஆகும். குயம் என்பது அரிவாள். அரிவாள் போலும் வரியினையுடையது குயவரி. இஃது உவமைத்தொகைப் புறத்துப் பிறந்த அன்மொழித்தொகை. வாள்வரி என்பது புலிக்கு அடையாகப் பழம்பாடல்களில் வருவது. வளைவு, அரிவாள், வாள் என்னும் இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்கினால், முதுகிலே தோன்றி, விலாவிலே வளைந்து இறங்கி, கூர்நுனியாய் முடியும் வரியின் வடிவம் முழுதும் கண்முன் நிற்கும். காட்டிற் கண்டவர் இட்ட பெயர்கள் இவை என்பதில் ஐயமில்லை.

இவ்வரி புலிக்கு ஏன் அமைந்தது? வியட்நாம் நாட்டார் இதற்கு ஒரு கதை கூறுவர். உழவன் ஒருவன் புலியைக் கயிற்றால் மரத்திற் பிணித்துத் தீயிட்டான் என்றும், கயிறு எரிந்த தழும்பே வரியாயிற்று என்றும் அக்கதை கூறும். யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட தமிழ் நூல்கள் அவ்வாறு கதை கூறவில்லை. எனினும், அவற்றில் இவ்வினாவுக்கு விடை இல்லை என்று கருதுதல் பொருந்தாது. 'ஏன்' என்னும் வினா தன்னுள் இரண்டு வினாக்களை உடையது. வரியால் புலி பெறும் பயன் யாது என்பது ஒன்று. அவ்வரி உடம்பில் எவ்வாறு தோன்றுகிறது என்பது மற்றொன்று. முன்னதற்கு விடை வேங்கை மரத்தைப் பாடிய சங்கப் பாடல்களில் உள்ளது. பின்னதை விளங்கிக்கொள்ளக் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தின் தறி துணை செய்கிறது. அப்பாடல்களின் உவமையை வெறும் நிறவொப்புமை என்று கூறி அமைவது மாணவரிடையே பெருவழக்காய்விட்டமையின், முதற்கண் அதனை ஆராய்வோம்.

வேங்கை என்னும் பெயர் மரத்துக்கும் உண்டு, புலிக்கும் உண்டு. மரப்பெயர் மலையாளத்தில் வேங்ங எனவும் வழங்குவது. மரத்தின் பெயரே பூவின் ஒப்புமை பற்றிப் புலிக்கு ஆயிற்று என்பது எம் கருத்து. குறுந்தொகை 47 ஆம் பாட்டு, இரவுக்குறி வரும் தலைவனை நினைந்து தோழி நிலவை நோக்கிக் கூறுவது. வேங்கையின் பூக்கள் உதிர்ந்து கிடக்கும் உருண்டைக் கல், பெரிய புலியின் குருளை போலத் தோன்றும் காட்டிடத்தே அவன் வருகின்றான். ஆதலின் நீ அவன் களவுக்கு நல்லை அல்லை என்று நிலவைக் கடிகின்றாள். நிலவை விளித்த தொடராலேயே புலவரும் நெடுவெண்ணிலவினார் எனப் பெயர் பெற்றார். குருளை என்னும் சொல்லும் மரபு வழுவாதது. நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கன் இளமைக்கும் அதனை உரியதாகத் தொல்காப்பிய மரபியல் கூறுகின்றது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1937 இல் வெளியிட்ட பதிப்பிலிருந்து இப்பாட்டைப் பயிலாத தமிழ் மாணவர் இலர். ஆயினும் இதிலுள்ள நுட்பம் ஒன்று போதிய அளவு நோக்கப்படவில்லை.

உவமம் வினை, பயன், மெய், உரு என நான்கு வகைப்படும் என்பது உவமவியல். மெய் என்பது வடிவு. உரு என்பது நிறம். வேங்கைப் பூ பொன்னிறம். புலியின் உடலும் பொன்னிறம். ஆதலின் இஃது உருவுவமம் என்று வகுப்பர். பகற்பொழுதாயின் இது பொருந்தும். இப்பாட்டோ நிலவொளியில் நிகழ்வது. நிலவொளியில் மனிதர் கண்ணுக்கு நிறம் நன்கு புலப்படாது. செம்மையும் பொன்மையும் பசுமையும் சாம்பலாய் மங்கிப் போக, வெளிறியது, இருண்டது என்னும் இரண்டே எஞ்சி நிற்கும். பொன்னிறமே தெரியாத இரவில் பொன்னிறம் பற்றிய உவமை எங்ஙனம் எழும்? கல்லின் இருளும் பூவின் வெளிறும் மாறி மாறிக் கிடந்து, கல் இன்ன வடிவினது என்று கண் வரையறுக்கவொட்டாமல் தடுக்கின்றன. அத்தடுமாற்றத்திலேதான் கல் புலிக்குருளையாகின்றது. எனவே ஈண்டு உவமைக்கு நிலைக்களம் நிறம் அன்று. கண்ணை மயக்கும் தொழிலே ஆம். இதனை வினையுவமம் எனக் கொள்ளுதலே தகும்.

இக்கருத்துக்குக் கலித்தொகை 38 ஆம் பாட்டு வலுவான சான்று தருகின்றது. பூத்து நின்ற வேங்கை மரத்தைப் புலியென்றே எண்ணிச் சினந்த யானையொன்று, அதன் அடிமரத்திற் கொம்பைப் பாய்ச்சுகிறது. பின்னர்க் கொம்பைப் பிடுங்கமாட்டாமல் மலைப்பிளப்பெல்லாம் எதிரொலிக்கக் கதறுகிறது. இராவணன் மலையை எடுக்கப் புகுந்து கை சிக்கி வருந்தியதற்கு இதனை ஒப்பிடுகிறார் புலவர். அங்கு உருவு என்னும் சொல்லே வந்துள்ளதாயினும், கதை முழுதும் மயக்கத்தின் விளைவையே கூறுகின்றது. யானையின் கண் செம்மையையும் பசுமையையும் பிரித்தறிய மாட்டாத இருநிறக் கண் என்பதை 2005 இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று காட்டியுள்ளது. அவ்வியானைக்குப் பூவின் பொன்மை நமக்குத் தோன்றுவதுபோல் தோன்றியிராது. புலவர் இதனை அறிந்து பாடினார் என்று கூற யாம் துணியோம். யானை ஏமாறும் என்று அவர் கண்டதே போதும்.

அகநானூறு 48 ஆம் பாட்டில் ஏமாறுவது கண் அன்று, செவி. வேங்கைப்பூக் கொய்யப் போன மகளிர் 'புலி புலி' என்று ஆரவாரம் செய்கின்றனர். அதனைக் கேட்டு வில்லும் அம்புமாக வந்த இளைஞன், அவ்விலங்கு எவ்வழிப் போயிற்று என்று வினவுகின்றான். அங்குப் புலியும் இல்லை, பொய்யும் இல்லை. பூக்கொய்வார் எழுப்பும் வழக்கமான கூச்சலே உண்டு. நாணி ஒருவர் பின் ஒருவர் மறைந்த அம்மகளிரின் நிலை நகைக்கு இடனாயினும், வேங்கையும் புலியும் மலைநாட்டார் வாழ்வில் எத்துணை நெருங்கி நின்றன என்பதை அது புலப்படுத்தும்.

ஈண்டு ஒரு தடை எழலாம். கரும்பாறையில் உதிர்ந்த பூக்கள் புள்ளிகளாகத்தானே தோன்றும்? அவை சிறுத்தையைக் குறிப்பனவாதல் கூடாதோ எனின், கூடாது என்க. பழந்தமிழர் வரியையும் புள்ளியையும் வேறுபடுத்தி அறிந்தவர். சிலப்பதிகார வேட்டுவ வரியில் கொற்றவைக் கோலம் புனையும் குமரிக்கு, வரியும் புள்ளியும் விரவிய தோலை மேகலையாக உடுத்துகின்றனர். இரண்டும் வேறு வேறாகவே அங்கு எண்ணப்பட்டுள்ளன. மேலும், நாம் புலியை மஞ்சள் நிலத்தில் எழுதிய கருங்கோடாகக் காண்கிறோம். குறுந்தொகைப் புலவர் கண்டது தலைமாற்று: கருநிலத்திற் சிதறிய வெளிறு. ஒரே தோலை இவ்விரு வகையாலும் காணலாம். இருளில் இரண்டாவது காட்சியே இயல்பானது.

இனி இக்காலத்தார் கண்டதை நோக்குவோம். புலியின் இரையாகிய மான்களும் இருநிறக் கண்ணுடையன. நமக்குச் செம்பொன்னாய் ஒளிரும் புலி, அவற்றின் கண்ணுக்குத் தழையின் பசுமையினின்றும் வேறுபடுவதில்லை. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 2019 இல் கணிப்பொறி கொண்டு செய்த ஆய்வு இதனை நிறுவியது. அங்ஙனமாயின் நிறம் தானே மறைத்துவிட, வரிக்கு என்ன வேலை? உடலின் விளிம்பை உடைப்பதே அதன் வேலை. நெடுங்காலமாக, நாணற் புல்லைப் போலத் தோன்றுதற்கே வரி அமைந்தது என்று கூறி வந்தனர். அதே பல்கலைக்கழகத்தார் பூனைக் குடும்பத்து விலங்குகளின் தோலையும் அவை வாழும் நிலத்தையும் ஒப்பிட்டு 2010 இல் வெளியிட்ட ஆய்வில், நெடுக்குவரிக்கும் புல்வெளிக்கும் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. அடர்ந்த காட்டில், மங்கிய ஒளியில் இயங்கும் விலங்குகளுக்கே சிக்கலான கோலங்கள் மிகுதி என்பது மட்டும் தெளிவாயிற்று. புலி புல்லைப் போலவோ பூவைப் போலவோ தோன்றவேண்டுவதில்லை. புலியைப் போலத் தோன்றாதிருந்தால் போதும். வேங்கைப்பூ மூடிய கல்லும் அவ்வாறே கல்லைப் போலத் தோன்றாது ஒழிந்தது. பயன் என்னும் முதல் வினாவுக்குச் சங்கப் புலவர் காட்சியும் இன்றைய ஆய்வும் இவ்வளவில் ஒன்றுபடுகின்றன.

காட்டிலே இவ்வாறு மயக்கிய வரி, நாட்டிலே என்ன ஆயிற்று? இதற்குக் காஞ்சி நகரம் நல்ல எடுத்துக்காட்டு. பிள்ளையார்பாளையம் அந்நகரின் மேல்பால் அமைந்த நெசவாளர் பகுதி. அதனகத்தே உள்ள திருமேற்றளி, அப்பரும் சுந்தரரும் பாடிய பழம்பதி. தேவாரத்தில் பலவிடத்தும் இறைவன் புலித்தோல் உடுத்தவனாகவே போற்றப்படுகின்றான். காஞ்சிக் குமரகோட்டத்தோடு தொடர்புடைய கந்தபுராணமும், தாருகாவனத்து முனிவர் ஏவிய புலியை அவன் உரித்து உடுத்த செய்தியைக் கூறும். இங்கு வரி உள்ளது. ஆனால் அது மறைப்பதில்லை, காட்டுகின்றது. உடையான பின் வரி அணியாகி விடுகின்றது.

சோழர் கையில் அது இன்னும் ஒரு படி மாறியது. உத்தம சோழனது பதினாறாம் ஆட்சியாண்டில் எழுந்ததும், சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளதுமாகிய செப்பேடு, கச்சிப்பேட்டு ஊரகத்துக் கோயிலைப் பற்றியது. கருவுளான்பாடி, கம்சகப்பாடி, அதிமானப்பாடி, ஏற்றுவழிச்சேரி என்னும் நான்கு சேரிகளும், அவற்றில் குடியமர்த்தப்பட்ட பட்டசாலிகள் எனப்பட்ட நெசவாளரும் அதிற் பேசப்படுகின்றனர். கோயிற் பொன் சேரியாரிடம் ஒப்படைக்கப்பட்டு, அதன் வட்டியால் விழா நடக்குமாறு ஏற்பாடு செய்யப்பட்டது. கோயிற் காரியத்தைக் கண்காணிக்கும் பொறுப்பும் நெசவாளர்க்குத் தரப்பட்டது. பத்தாம் நூற்றாண்டிலேயே காஞ்சி நெசவாளர் கணக்கும் நிருவாகமும் அறிந்த நகரத்தாராய் விளங்கினர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. பெயரொற்றுமை இன்மையின், இன்றைய பிள்ளையார்பாளையத்தை அந்நான்கனுள் ஒன்றோடு பொருத்துதல் முறையன்று. இச்செப்பேட்டு முத்திரையில் அமர்ந்திருப்பது புலி. உடன் கயல் இரண்டு. முதலாம் இராசேந்திரனது திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையிலும் அவ்வாறே. உத்தம சோழன் பெயர் பொறித்த காசிலும் புலி உண்டு. விரல்நுனி அளவினதாகிய காசில் வரியைத் தேடுவது வீண். அமர்ந்த நிலையும் அருகிற் கிடக்கும் மீனுமே அதனைப் புலியென அறிவிக்கின்றன. கொடுவரி என்னும் பெயருக்குக் காரணமான வரியே இல்லாமலும் அரசனது புலி புலியாகவே நின்றது. மறைந்து நிற்பது காட்டுப் புலிக்கு வாழ்வு. நெடுந்தொலைவிலும் அறியப்படுவது கொடிப் புலிக்கு வாழ்வு. பிற்காலத்தார் வேங்கை உவமையை நிறத்தளவில் நிறுத்திக்கொண்டதற்கு, அவர்கள் அறிந்த புலி பெரும்பாலும் தோலும் கொடியும் ஆனமையே காரணமாதல் வேண்டும்.

நிற்க, நகரத்தார் வரியை அறியாதவர் என்று இதனாற் கொள்ளலாகாது. அதன் மற்றொரு பாதியை, அஃதாவது வரி தோன்றும் முறையை, நெசவாளரினும் நன்கறிந்தார் இலர்.

பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் பாவு நீட்டியிருப்பதைக் கண்டவர்க்கு இது விளங்கும். முறுக்கிய பட்டிழைகள் தெரு நெடுகிலும் ஓடிக் கிடக்க, இழை பிரித்து, அறுந்ததை முடிந்து, சீர் செய்வர். நெடுக்கு இழை பாவு. குறுக்கு இழை ஊடை. சேலையில் நெடுக்கே ஓடும் வரி வேண்டுமாயின், எத்தனை இழை அரக்கு, எத்தனை இழை பச்சை என்று பாவு ஓடும்போதே எண்ணி வைக்க வேண்டும். வைரஊசி என நெசவாளர் கூறும் மெல்லிய கோடும் அவ்வாறு முன்னரே எண்ணப்படுவதே. தறியிற் பிணைத்தபின் நெய்பவர் ஊடையின் நிறத்தை மாற்றலாம். மாற்றினால் குறுக்கே கோடு விழும். இரண்டும் கூடினால் கட்டம் ஆகும். ஊடையால் பாவின் நிறத்தை மங்கச் செய்யவும் கூடும். ஆனால் பாவில் உள்ள வரியின் இடத்தை மட்டும் அவரால் மாற்ற இயலாது. உடலை ஒரு நிறமாகவும் கரையை வேறு நிறமாகவும் கோத்து நெய்யும் கோர்வை வேலையிலும், கரை எங்கே தொடங்கும் என்பதைப் பாவே வரையறுக்கின்றது. சேலையில் நாம் காணும் வரி, முதல் ஊடை பாயுமுன்னரே தீர்மானிக்கப்பட்டது.

புலியின் வரியும் இவ்வாறே முன்கூட்டி அமைகின்றது. பூனைக் கருக்களை ஆராய்ந்து 2021 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, மயிர்க்காலும் நிறமும் தோன்றுமுன்னரே கருவின் தோலில் தடித்த இடமும் மெலிந்த இடமும் மாறி மாறி அமைவதைக் கண்டது. அவ்விடங்களைக் குறிக்கும் மரபணுவும் அறியப்பட்டது. பின்னர் முளைக்கும் மயிர், தான் நிற்கும் இடத்துக்கேற்பக் கருமையோ வெளிறோ பெறுகின்றது. இங்குத் தோல் பாவு. மயிர் பின்வரும் ஊடை. உவமை முற்றும் பொருந்துவது அன்று. பாவை எண்ணி வைப்பவர் ஒருவர் உண்டு; கருவின் தோலில் எண்ணுவார் எவரும் இலர். எண்ணுவார் இன்றியே ஒழுங்கு பிறக்கும் வகையை ஆங்கிலக் கணித அறிஞர் ஆலன் டூரிங் 1952 இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். தன்னைத் தானே பெருக்கும் ஊக்கி ஒன்றும், அதனை அடக்கும் தடுப்பி ஒன்றும் ஒரே பரப்பிற் பரவுவதாகக் கொள்க. தடுப்பி விரைந்து தொலைவுக்குச் செல்லுமாயின், ஊக்கி தான் தோன்றிய இடத்தில் ஓங்கி, அயலிடத்தில் அடங்கி, அதற்கப்பால் மீண்டும் ஓங்கும். சீராக இருந்த பரப்பு இவ்வாறு தானே வரியாகவும் புள்ளியாகவும் பிரிந்துவிடும். மேற்கூறிய பூனை ஆய்வில் அறியப்பட்ட மரபணு ஒரு தடுப்பியையே ஆக்குவது என்பது, டூரிங்கின் கணக்குக்கு வாய்த்த பெரும் துணை.

பாவு, சாயம் என்னும் வேறுபாட்டை மனத்திற் கொண்டால், வியப்பென்று பேசப்படும் இருவகைப் புலிகளும் எளிதில் விளங்கும். ரேவாப் பகுதியில் 1951 இல் பிடிபட்டு மோகன் எனப் பெயர் பெற்ற புலி வெள்ளைப் புலி. அதன் மஞ்சள் மட்டும் ஒழிந்தது. வரி அப்படியே நின்றது. மஞ்சள் நிறம் ஊறுவதற்கு உதவும் மரபணுவொன்றில் நேர்ந்த மாற்றமே இதற்குக் காரணம் என 2013 இல் கண்டனர். இது சாயத்தில் வந்த மாற்றம். ஒடிசா மாநிலத்துச் சிமிலிபால் காட்டில் வாழும் கரும்புலிகளோ வேறு. அவற்றின் கருவரிகள் அகன்று ஒன்றோடொன்று கலந்து, மஞ்சள் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றது. பெங்களூர்த் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த உமா ராமகிருஷ்ணன் குழுவினர் 2021 இல் வெளியிட்ட ஆய்வு, கோலத்தையே வகுக்கும் மரபணுவில் உள்ள மாற்றம் இது என்று காட்டியது. வீட்டுப் பூனையின் அகன்ற சுழிகளுக்கும், ஆப்பிரிக்கச் சிவிங்கியில் அரிதாய்த் தோன்றும் நெடுவரிக்கும் அம்மரபணுவே காரணம் என்பது 2012 இலேயே அறியப்பட்டது. இது பாவில் வந்த மாற்றம். அக்கரும்புலியின் படத்தை நோக்குவார்க்குக் குறுந்தொகையின் பூ உதிர்ந்த கல் நினைவுக்கு வராமற் போகாது. கருநிலத்தில் வெளிறு சிதறிய காட்சி அங்கே ஒரு விலங்கின் முதுகிலேயே கிடக்கின்றது.

வரி என்னும் சொல்லைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில், கோடு, எழுத்து, இசைப்பாட்டு, இறை எனப் பல பொருள்கள் இச்சொல்லுக்கு உள்ளன. எழுத்தும் இறையும் நெருங்குமிடம் சோழர் கல்வெட்டு. ஒரு நிலத்தையோ கொடையையோ அரசாங்கக் கணக்கிற் பதிவு செய்வதை 'வரியிலிடுதல்' என்பர்; வரிப்பொத்தகம் அதற்குரிய ஏடு. ஏட்டில் இழுத்த கோடும், அக்கோட்டில் எழுதிய பெயரும், அப்பெயருக்கு உரிய கடனும் ஒரே சொல்லுள் அடங்கின.

புலியும் இப்போது வரியிலிடப்படுகின்றது. இரண்டு புலிகளுக்கு ஒரே வரி அமைவதில்லை. ஒரு புலியின் இரு விலாவும்கூட ஒத்திரா. இதனைப் பயன்கொண்டு, கர்நாடகத்து நாகரகொளெக் காட்டில் தானியங்கிப் படப்பெட்டிகளை வைத்து, வரியால் புலியை இனங்கண்டு எண்ணும் முறையை உல்லாஸ் காரந்த் 1995 இல் வெளியிட்டார். அதற்கு முன் அடிச்சுவட்டைக் கொண்டே எண்ணி வந்தனர். ஒரே புலியின் சுவடு மண்ணுக்கு மண் வேறுபடுவதால் அவ்வெண்ணிக்கை நம்பத்தக்கதாய் அமையவில்லை. 2022 ஆம் ஆண்டின் அனைத்திந்தியக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு 306 புலிகள் மதிப்பிடப்பட்டன. களக்காடு முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம் ஆகிய காப்பகங்களோடு, 2021 இல் திருவில்லிபுத்தூர் மேகமலையும் ஐந்தாவதாகச் சேர்ந்தது. ஐந்தும் மேற்குமலைத் தொடரையும் அதனை அடுத்த காடுகளையும் சார்ந்தவை. தொண்டை நாட்டில் ஒன்றும் இல்லை. மானின் கண்ணுக்குத் தப்ப அமைந்த வரியே, இன்று படப்பெட்டியின் கண்ணுக்குப் புலியைத் தனித்தனியே காட்டிக் கொடுக்கின்றது. இரவில் மரத்தடியிற் பொருத்திய பெட்டி, வெள்ளொளி வீசியோ கட்புலனாகாச் செங்கீழ் ஒளியாலோ எடுக்கும் படங்களுட் பல நிறமற்றவை. வெளிறும் இருளும் மட்டுமே உடையவை. அவற்றைப் பார்த்துப் புலியை அடையாளம் காண்பவர் விலாவின் கோட்டையே நோக்குகின்றனர், பொன்மையை அன்று.